பட்டியலில் இல்லாவிட்டால் எழுத விடுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலை, பள்ளிவாசல், சங்கம், கிளினிக் என்று எங்காவது கம்பியூட்டருக்கு முன் இருந்து மற்றவர்களின் விபரங்களைப் பதிகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். சொப்ட்வெயார் செய்யும் எங்கள் பிள்ளைகள் இரண்டு முறை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். அப்போது நான் படிப்பித்த பாடசாலையில் தரம் 6 அனுமதி நடந்துகொண்டிருந்த நேரம். அலுவலகத்தில் பதிவு செய்கிறவர் லீவு. ஐ.சி.டி. படிப்பிக்கிறவன் என்பதால் அதிபர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கதிரையில் இருத்திவிட்டார். பழைய கம்பியூட்டர். அதில் யாரோ எப்போதோ செய்து கொடுத்த ஒரு மாணவர் பதிவு புரோகிராம். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் அடித்து முடித்து "முன்னர் கற்ற பாடசாலை" என்ற இடத்துக்கு வந்தேன். அது ஒரு ட்ரொப் டவுன் லிஸ்ட். அம்புக்குறியை அழுத்தினால் பாடசாலைப் பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கும், ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

முன்னால் நின்ற உம்மா சொன்னார்: "சேர், இவ புத்தளத்துல படிச்சவ. நாங்க இப்பதான் ஊருக்கு வந்திருக்கோம்."

பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் மட்டும்தான் இருந்தன. புத்தளத்தில் ஒன்றுகூட இல்லை. பெட்டிக்குள் அடித்துப் பார்த்தேன், எழுத்து விழவில்லை. வெறுமையாக விட்டுச் 'சேமி' பட்டனை அழுத்தினேன், விடவில்லை. "பாடசாலையைத் தெரிவு செய்யவும்" என்று சிவப்பில் வந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பட்டியலில் இருந்த ஒரு யாழ்ப்பாணப் பாடசாலையைத் தெரிவு செய்தேன். 'பிறகு திருத்தலாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு திருத்தவில்லை. மறந்தே போனேன்.

அடுத்த வருடம் அந்தக் குடும்பம் ஓர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தது. எப்போது ஊர் திரும்பினீர்கள் என்பதற்குச் சான்றாகப் பிள்ளையின் பாடசாலைப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். பாடசாலையில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த அலுவலர், "பிள்ளை முன்பே யாழ்ப்பாணத்தில்தானே படித்திருக்கிறது, இப்போதுதான் வந்தோம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் பிழையில்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் இருந்தது.

அந்த உம்மா தாளோடு என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "சேர், இவ அந்தப் பள்ளிக்கூடத்தக் கண்ணால கண்டதே இல்லயே" என்று மட்டும் சொன்னார். பிறகு அதிபரிடம் ஒரு கடிதம், புத்தளத்துப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம், கிராம அலுவலரிடம் ஒரு உறுதிப்படுத்தல். கூலி வேலை செய்யும் ஒரு மனிதர் மூன்று நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைந்தார். நான் ஒரு கிளிக் செய்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

அந்த கிளிக்கைச் செய்த கை என்னுடையது. அந்தப் பொறுப்பை நான் யார் தலையிலும் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. உண்மையைப் பதிய எனக்கு இடம் தராத அந்தப் பெட்டி, பொய்யைப் பதிய மட்டும் உடனே இடம் தந்தது. வெறுமையாக விடவும் முடியாது, எழுதவும் முடியாது, பிழையாகத் தெரிவு செய்ய மட்டும் முடியும். இப்படி ஒரு படிவத்தை நாங்கள் ஏன் செய்கிறோம்?

ஐ.சி.டி. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கம்பியூட்டரில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்தப் பட்டியல் பெட்டிகளில் உண்மையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பட்டியலில் இருப்பதை மட்டும் தெரிவு செய்யலாம், வேறு எதுவும் எழுத முடியாது. மற்றது, பட்டியலில் இருந்தால் தெரிவு செய்யலாம், இல்லாவிட்டால் அதே பெட்டியில் எழுதலாம். இரண்டாவதை 'கொம்போ பொக்ஸ்' என்பார்கள். எழுதும் பெட்டியும் பட்டியலும் சேர்ந்தது என்பதால் வந்த பெயர் அது.

ஒன்றை மற்றதாக மாற்றுவது பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். பழைய விசுவல் பேசிக்கில் அந்தப் பெட்டிக்கு 'ஸ்டைல்' என்று ஓர் அமைப்பு உண்டு. 0 என்று வைத்தால் எழுதலாம், 2 என்று வைத்தால் எழுத முடியாது. அதற்குப் பின் வந்த டொட்நெட்டில் 'ட்ரொப் டவுன் ஸ்டைல்' என்று இருக்கிறது. ஜாவாவில் ஒரே ஒரு வரி. மைக்ரோசொப்ட் அக்ஸஸில் 'லிமிட் டு லிஸ்ட்' என்ற இடத்தில் ஆம் அல்லது இல்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விசுவல் பேசிக்கிலும் டொட்நெட்டிலும் புதிதாக ஒரு கொம்போ பொக்ஸை இழுத்துப் போட்டால் அது எழுதக்கூடியதாகத்தான் வரும். பூட்டுவது பிறகு ஒரு மனிதர் யோசித்துச் செய்கிற வேலை.

ஏன் பூட்டுகிறார்கள்? அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சிறிய நியாயம் இல்லை.

எழுத விட்டால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். யாழ்ப்பாணம், யாழ், யாழ்., யாழ்பாணம் என்று ஓர் ஊரே நான்காகும். எங்கள் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். முஹம்மது, முகம்மது, முஹம்மத், மொஹமட். பாத்திமா, ஃபாத்திமா, பாதிமா. வருட முடிவில் "புத்தளத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?" என்று வலயத்திலிருந்து கேட்டால், கம்பியூட்டர் 'புத்தளம்' என்பதை ஒரு கணக்காகவும் 'புத்தளம் மாவட்டம்' என்பதை இன்னொரு கணக்காகவும் எண்ணித் தரும். பதிகிறவர்கள் எல்லோரும் கவனமாக அடிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. நானே எத்தனை பிழை விட்டிருக்கிறேன். அதனால்தான் புரோகிராம் செய்கிறவர் பூட்டுகிறார். தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆனால் சுத்தம் என்பது வேறு, சரி என்பது வேறு. என் மாணவியின் பதிவு மிகவும் சுத்தமாக இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பட்டியலில் உள்ள பாடசாலை, சரியான பெயர், சரியான இலக்கம். முழுப் பொய். நான் 'புதளம்' என்று பிழையாக அடித்திருந்தால்கூட, பார்க்கிற எவருக்கும் அது புத்தளம் என்று விளங்கியிருக்கும், யாராவது திருத்தியிருப்பார்கள். எழுத்துப் பிழை கண்ணுக்குத் தெரியும். பிழையான தெரிவு தெரியாது. பூட்டிய பெட்டி பிழைகளை இல்லாமல் செய்வதில்லை. கண்டுபிடிக்கக்கூடிய பிழையைக் கண்டுபிடிக்க முடியாத பிழையாக மாற்றி வைக்கிறது. என்னுடைய வாதம் முழுவதும் இதுதான்.

இது எங்கள் சமூகத்துக்குப் புதிய அனுபவம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். பெரும்பாலானோர் போய் இறங்கியது புத்தளத்தில். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ஒரே தடுமாற்றம். நிரந்தர விலாசம் எது? சொந்த ஊர் எது? சோனகதெரு என்று எழுதினால் "அங்கே இப்போது இருக்கிறீர்களா?" என்பார்கள். புத்தளம் என்று எழுதினால் ஊரை விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது 'பழைய இடம்பெயர்ந்தோர்', 'புதிய இடம்பெயர்ந்தோர்' என்று இரண்டு வகுப்பு வந்தது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் 'பழைய'. எந்த வகுப்புக்குள் விழுகிறோம் என்பதைப் பொறுத்து உதவியும் வரிசையும் மாறியது. பட்டியலில் ஒரு வரி கூடுவதும் குறைவதும் சோற்றுப் பிரச்சினை என்பது எங்கள் ஆட்களுக்குப் பாடம் எடுத்து விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

நல்ல உதாரணமும் இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் முந்தைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்து 2013இல் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. "இப்போது எங்கே படுத்து எழும்புகிறீர்கள்" என்ற ஒரே கேள்விக்குள் அடங்காத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சட்டமே ஏற்றுக்கொண்டு, அவர்களுக்கு ஓர் இடம் திறந்துவிட்டது. பாராளுமன்றம் ஒரு சட்டத்தில் செய்யக்கூடியதை நாங்கள் ஒரு பெட்டியில் செய்ய முடியாதா?

'இனம்' என்ற பெட்டியையும் எடுத்துப் பாருங்கள். பட்டியல் வானத்திலிருந்து இறங்கியது போல நாங்கள் நினைக்கிறோம். 1911 குடிசனக் கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி வரி வந்தது. இந்தியச் சோனகர் என்று ஒரு வரி ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. 2012 கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி, பரதர் என்பவர்களுக்கும் தனி வரிகள் இருந்தன. சோனகர் தனி இனமா இல்லையா என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையில் பேசியதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் புத்தகமாகவே மறுப்பு எழுதினார். இத்தனை வருடம் மனிதர்கள் வாதாடித் திருத்தி வந்த பட்டியல் அது. ஆனால் நாங்கள் ஒரு பின்னேரத்தில் எக்செலில் 'தமிழ், முஸ்லிம், சிங்களம்' என்று மூன்று வரி அடித்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். ஒரு மலாயர் பிள்ளை வந்தால்? ஒரு பறங்கியர் வந்தால்? உம்மா ஒரு இனம், வாப்பா ஒரு இனம் என்றால்?

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் தப்ப முடியாது. என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காக ஒரு குடும்பப் பதிவு புரோகிராம் செய்தார். சம்பளம் எதுவும் வாங்காமல், இரவில் கண்விழித்துச் செய்தது. அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும். என்னிடம் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'தொழில்' என்ற பெட்டியில் ஆண்களுக்கு நீளமான பட்டியல், பெண்களுக்கு 'இல்லத்தரசி, ஆசிரியை, மாணவி, வேறு' என்று நான்கே நான்கு. எங்கள் வட்டாரத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவர் மௌத்தான பிறகு விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். அவரை இந்தப் பெட்டியில் எங்கே போடுவது? இல்லத்தரசி என்றால் வருமானமே இல்லாதவர் என்று வரும். வேறு என்றால் என்ன வேறு? நாளைக்கு ஸகாத் பணத்தில் சுயதொழிலுக்கு உதவி செய்வோம் என்று நிர்வாகம் முடிவெடுத்து, யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கம்பியூட்டரில் தேடினால் அந்தச் சகோதரி வரவே மாட்டார். இருக்கிற அடுப்பைப் பெரிதாக்க உதவி தேவைப்பட்டவர், பட்டியலில் இல்லாமல் போவார்.

இதில் 'வேறு' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் "நாங்கள் 'வேறு' என்று ஒன்று வைத்திருக்கிறோமே" என்பார்கள். 'வேறு' என்பதற்குப் பக்கத்தில் எழுத இடம் இல்லாவிட்டால் அது குப்பைக்கூடைதான். இடியப்பம் அவிக்கிறவரும் தையல்காரியும் டியூஷன் கொடுக்கிறவரும் எல்லோரும் அதற்குள் போய் ஒன்றாகிவிடுவார்கள். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

அப்படியானால் தரவு குழம்பாமல் எழுத விடுவது எப்படி? பக்கத்து நாட்டில் மிகப் பெரிய அளவில் இதைச் செய்திருக்கிறார்கள். இந்தியாவின் குடிசனக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ன என்று கேட்டால், மக்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார்கள். 2011 கணக்கெடுப்பில் அப்படி வந்து சேர்ந்த பெயர்கள் 19,569. ஒரே மொழியைப் பல விதமாகச் சொன்னது, ஊர்ப் பெயரைச் சொன்னது எல்லாம் அதில் கலந்திருந்தன. பிறகு மொழியறிஞர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டு 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தினார்கள். அதையும் தொகுத்து, 10,000 பேருக்கு மேல் பேசுகிறவை என்று 121 மொழிகளை அட்டவணையாக்கினார்கள். அந்தத் தொகுப்பைப் பற்றியும் இந்தியாவில் சண்டை இருக்கிறது, யார் மொழியை யார் மொழிக்குள் சேர்த்தார்கள் என்று. ஆனால் சண்டை பிடிப்பதற்காவது மக்கள் சொன்னது பதிவில் இருக்கிறது. முதலில் கேட்டதை எழுது, பிறகு வகைப்படுத்து. வாசலிலேயே வகைப்படுத்தினால் உள்ளே வருகிறது எல்லாம் ஏற்கனவே வெட்டப்பட்டதாகத்தான் இருக்கும்.

எங்கள் அளவுக்கு அதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். சொப்ட்வெயார் செய்கிற தம்பி, தங்கைமார் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பெட்டியை எழுதக்கூடியதாக வையுங்கள். அடிக்க அடிக்கப் பட்டியலிலிருந்து பொருந்துவதைக் காட்டுங்கள். டொட்நெட்டில் அதற்கு 'ஓட்டோ கம்ப்ளீட்' வசதி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் காட்டுவதையே தெரிவு செய்வார்கள். யாழ் மாவட்டத்தில் மட்டும் 435 கிராம அலுவலர் பிரிவுகள், நாடு முழுவதும் 14,000த்துக்கு மேல். அவ்வளவு நீளப் பட்டியலை மவுஸால் உருட்டித் தேடச் சொல்வதே அநியாயம். இரண்டு எழுத்து அடித்தால் பெயர் வர வேண்டும்.

இரண்டு. பட்டியலில் இல்லாததை அடித்தால் தடுக்க வேண்டாம், கேளுங்கள். "இந்தப் பெயர் பட்டியலில் இல்லை. அப்படியே பதியவா?" என்று ஒரு கேள்வி போதும். தட்டச்சுப் பிழை என்றால் அந்த இடத்தில் கண்ணில் படும். பிழை இல்லை என்றால் 'ஆம்' சொல்லிவிட்டுப் போகலாம்.

மூன்று. எழுதியதை எழுதியபடியே ஒரு நிரலில் வையுங்கள். ஒழுங்குபடுத்திய பெயருக்கு இன்னொரு நிரல் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை பொறுப்பான ஒருவர் புதிதாக வந்தவற்றைப் பார்த்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கட்டும், பட்டியலில் புதிதாக ஏற்ற வேண்டியதை ஏற்றட்டும். கணக்கெடுப்பது இரண்டாவது நிரலில். சந்தேகம் வந்தால் முதலாவது நிரலைப் பார்க்கலாம். அறிக்கையும் குழம்பாது, உண்மையும் அழியாது.

நான்கு. பெட்டியின் முதல் வரியை வெறுமையாக வையுங்கள். அகர வரிசையில் முதலில் வருகிற மாவட்டம் தானாகவே நிரம்பி இருந்தால், அவசரத்தில் எல்லோரும் அந்த மாவட்டத்தவர் ஆகிவிடுவார்கள். விண்டோஸ் புரோகிராம்களில் இன்னொரு தொல்லை உண்டு. தெரிவு செய்த பிறகு பக்கத்தைக் கீழே இறக்கலாம் என்று மவுஸின் சக்கரத்தை உருட்டினால், பல நேரம் பக்கம் இறங்காது, பெட்டிக்குள் இருந்த தெரிவு மாறிவிடும். அடித்தவருக்குத் தெரியவும் மாட்டாது. அதை நிறுத்தி வையுங்கள்.

ஐந்து. தமிழ். இதை எங்கள் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும், வெளிநாட்டுக்காரன் வந்து கவனிக்க மாட்டான். எங்கள் பழைய பட்டியல்கள் பல பாமினியில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் யூனிகோட்டில் அடித்துத் தேடினால் எதுவுமே கிடைக்காது. முதலில் பட்டியலை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 'கொழும்பு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்பியூட்டருக்கு இரண்டு வேறு ஊர். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோட்டிலேயே வழி இருக்கிறது, என்.எப்.சி. என்பார்கள். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு "எழுத விட்டால் குழம்பும்" என்று ஆட்களைக் குறை சொல்லக் கூடாது.

புரோகிராம் எல்லாம் இல்லை, எக்செல்தான் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 'டேட்டா வலிடேஷன்' என்று பட்டியல் போடும் இடத்திலேயே 'எரர் அலேர்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 'ஸ்டொப்' என்று இருப்பதை 'வோர்னிங்' என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். பட்டியலில் இல்லாததை அடித்தால் தொடரவா என்று கேட்கும், ஆம் என்றால் விடும். லிப்ரே ஒபிஸிலும் இதே வசதி உண்டு. இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

எல்லாப் பெட்டியையும் திறந்துவிடச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். இரத்த வகை எட்டு. அதில் ஒன்பதாவதை யாரும் எழுத விடக் கூடாது. வகுப்பு என்றால் தரம் 1 முதல் 13 வரை. மாதம் பன்னிரண்டு, மாவட்டம் 25. இவற்றைப் பூட்டத்தான் வேண்டும். பிழையாக எழுதினால் உயிருக்கே ஆபத்தான இடங்களும் உண்டு. என்னுடைய அளவுகோல் சிறியது. பட்டியலைச் செய்தவருக்கு இதற்கு வெளியே ஒன்றும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் பூட்டலாம். மனிதர் எங்கிருந்து வந்தார், என்ன செய்கிறார், வீட்டில் என்ன பேசுகிறார், யாரோடு இருக்கிறார் என்பவை அப்படிப்பட்டவை இல்லை. அவற்றுக்கு எவரிடமும் முழுப் பட்டியல் இல்லை.

"எழுத விட்டால் ஆட்கள் பொய்யும் எழுதுவார்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம். ஆனால் பொய் சொல்ல நினைக்கிறவருக்குப் பூட்டிய பெட்டி தடையே இல்லை, பட்டியலில் இருப்பதையே தெரிவு செய்துவிட்டுப் போவார். பூட்டிய பெட்டி தடுப்பது உண்மை சொல்ல வந்து, அதற்கு இடம் கிடைக்காமல் நிற்கிறவரைத்தான்.

என் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். அந்தப் பாடசாலையின் புரோகிராமைத் திருத்த நினைத்தோம். செய்தவர் வெளிநாடு போய்விட்டார், மூலக் கோப்பும் எங்களிடம் இல்லை. ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே கம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை நூலில் கட்டி வைத்தோம். 'பெட்டியில் இல்லாதவை' என்று மேலே எழுதினோம். பட்டியலில் இடம் கிடைக்காதது எதுவோ அதை அனுமதி இலக்கத்தோடு அதில் எழுத வேண்டும். முதல் பக்கம் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிறைந்தது. புத்தளத்துப் பாடசாலைகள், நீர்கொழும்பு, சவூதியில் படித்து வந்த ஒரு பிள்ளை, பாடசாலையே போகாமல் வீட்டில் இருந்த ஒரு பிள்ளை. இத்தனை நாளும் இவர்களெல்லாம் ஏதோ ஒரு யாழ்ப்பாணப் பாடசாலையின் பெயரில் எங்கள் கம்பியூட்டருக்குள் இருந்திருக்கிறார்கள். அந்த மாணவியின் பதிவுக்கு அந்தக் கொப்பியில் முதல் வரி கொடுத்தேன். என்னால் அப்போது முடிந்தது அவ்வளவுதான்.

பள்ளிவாசல் புரோகிராம் செய்த தம்பி தொழில் பெட்டியைத் திறந்துவிட்டார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டேன். "பெட்டிய மாத்த ஒரு நிமிஷம் சேர். வாற பேர்களச் சரிபார்க்க ஒரு ஆள் தேடத்தான் ஒரு மாசம்" என்றார். உண்மையைச் சொன்னார். கஷ்டமான வேலை அந்த இரண்டாவதுதான். எழுத விட்ட பிறகு, எழுதியதை வாசிக்க ஒரு மனிதர் வேண்டும். எங்கள் நிர்வாகங்கள் கம்பியூட்டர் வாங்கக் காசு ஒதுக்குகின்றன. வாசிக்கிற அந்த ஆளுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விபரத்தைப் பதிந்து முடித்ததும் திரையை ஒருதடவை காட்டச் சொல்லுங்கள், அல்லது அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். "இல்லாட்டி இதப் போடுறன், பரவாயில்லயா?" என்று பதிகிறவர் கேட்டால், அவசரத்தில் தலையாட்டாதீர்கள். "இல்லை என்றே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அன்று அந்த உம்மாவிடம் நான் அப்படிக் கேட்கக்கூட இல்லை.

ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் விபரம் எங்கள் கையில் தரும் அமானிதம். அதை அவர் சொன்னபடியே வைத்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. பெட்டி சிறிது என்பதற்காக மனிதரை வெட்டி உள்ளே வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

புரோகிராம் செய்கிறவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். எக்செல் பட்டியலைத் திறக்கத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு லெப்டொப்பைக் கொண்டு வாருங்கள், பள்ளிவாசல் மண்டபத்தில் இருப்பேன். சேர்ந்து திறப்போம்.

வஸ்ஸலாம்.